நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யார் கையில்? காவிரி ஆழ்கடல் எண்ணெய்ப் பணிகள் குறித்துப் பெட்ரோலிய அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம், எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

இருபத்து மூன்று ஆண்டுகள் எண்ணெய் உற்பத்திக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் குடியிருக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலும், பிறகு ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கேயும், வாரக்கணக்கில் கடல், வாரக்கணக்கில் வீடு என்று கழிந்த வாழ்க்கை அது. கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, உற்பத்தி மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். அந்தத் தொழில்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆகவே எண்ணெய் எடுக்கவே கூடாது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அப்படிச் சொல்லவும் இம்மடலை எழுதவில்லை. காவிரிப் படுகையின் ஆழ்கடலில் முதல் துரப்பணக் கப்பல் நங்கூரமோ நிலைநிறுத்தமோ கொள்வதற்கு முன்பாக நீங்கள் செய்து முடிக்க வேண்டிய ஒன்றைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

எண்ணெய், எரிவாயு தேடும் உரிமைக்காக 2025 பிப்ரவரி 11 அன்று நீங்கள் அறிவித்த பத்தாம் ஏலச் சுற்றில், காவிரிப் படுகையைச் சேர்ந்த, மன்னார் வளைகுடாவை ஒட்டிய 9,990.96 சதுர கிலோமீட்டர் ஆழ்கடற்பரப்பும் இடம்பெற்றிருந்தது. அதை விலக்கக் கோரித் தமிழக அரசின் சார்பில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் எங்கள் கரையில் நடந்த கூட்டங்கள் சிலவற்றுக்குப் போயிருந்தேன். பவளத்திட்டுகளின் மேலேயே இரும்புக் கோபுரம் எழும் என்று ஒருவர் பேசினார், அது சரியன்று. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள் கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் இருப்பவை. ஆழ்கடல் வயல் என்பது பல நூறு மீட்டர் முதல் ஈராயிரம் மீட்டருக்கும் கூடுதலான நீருக்கு அடியில் இருப்பது. அங்கே கோபுரம் நட முடியாது, நடுவதும் இல்லை. ஆனால் உங்கள் தரப்பில் வந்த ஒருவர், "கரையிலிருந்து இவ்வளவு தூரம் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டாரே, அதுவும் சரியன்று. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது எங்கள் ஊரில் வலை இழுக்கும் பையனுக்கும் தெரியும்.

இந்தக் கடலில் எண்ணெய் இருக்கக்கூடும் என்பது புதிய செய்தியும் அன்று. 2007இல் காவிரிப் படுகையின் ஆழ்கடலில் ரிலையன்ஸ் தோண்டிய கிணற்றில் எரிவாயுவும் எண்ணெயும் கண்டதாக அறிவிக்கப்பட்டது. அது வணிக உற்பத்தி வரை வரவில்லை. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னார் படுகையில் 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் தோண்டி டொராடோ, பாராகுடா என்று இரண்டு இடங்களில் எரிவாயு கண்டது. அதுவும் நிலத்தடியிலேயே கிடக்கிறது. ஆகவே தோண்டினால் கிடைக்குமா என்பதை நான் கேட்கவில்லை. கிடைத்தபின் இருபது ஆண்டுகள் அதை இயக்குவது எப்படிப்பட்ட வேலை என்பதைத்தான் கரையில் இருப்பவர்களும், மன்னிக்க வேண்டும், தில்லியில் இருப்பவர்களும் சரியாக உணர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல நூறு மடங்கு. வெப்பநிலை ஒற்றை இலக்கத்தில் இருக்கும். பாறைக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் எண்ணெயும் எரிவாயுவும் தண்ணீரும் கலந்த கலவை, கடலடியில் கிணற்றின் தலைமேல் பொருத்திய வால்வுத் தொகுதி வழியாக, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்களில் ஓடி, பிறகு ரைசர் என்னும் ஏற்றக் குழாய் வழியே மேலே மிதக்கும் கப்பலுக்கு ஏறுகிறது. மனிதர் எவரும் கீழே இறங்கி வேலை செய்ய முடியாது. கப்பலிலிருந்து போகும் அம்பிலிக்கல் என்னும் கேபிள் கட்டின் மூலம்தான் வால்வைத் திறப்பதும் மூடுவதும் மருந்து செலுத்துவதும். பழுது பார்க்க ஆளில்லா நீர்மூழ்கி ரோபோவை இறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வரை குழாய் தன் சூட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். நின்றால்தான் ஆபத்து தொடங்கும். குழாய் ஆறத் தொடங்கியதும் மெழுகு படியும்; அதைவிடக் கெட்டது, எரிவாயுவும் நீரும் அழுத்தத்தில் பிணைந்து ஹைட்ரேட் என்னும் வெள்ளைக் கட்டியாக இறுகிக் குழாயை அடைத்துவிடும். பார்த்தால் பனிக்கட்டிதான், தீக்குச்சி காட்டினால் பற்றி எரியும்.

ஆகவே உற்பத்தி நின்ற நொடியில் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நான் இருந்த ஒரு கப்பலில் அந்தக் கணக்கு எட்டு மணி நேரம். முதல் மூன்று மணி நேரம் எதையும் தொட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வால்வுத் தொகுதிகளில், ஹைட்ரேட் கட்டாமல் தடுக்கும் மெத்தனால் செலுத்த வேண்டும். எட்டு மணி முடிவதற்குள் குழாய்களில் இருக்கும் கலவையை வெளியேற்றிவிட்டு, வாயு நீக்கிய எண்ணெயை நிரப்பிவிட வேண்டும். அதை நாங்கள் 'டெட் ஆயில் விடுவது' என்போம். விட்டால் குழாய் பிழைக்கும். ஆனால் திரும்பவும் உற்பத்திக்கு வர ஒன்றரை நாள் பிடிக்கும். ஒரு நாளின் எண்ணெய் எத்தனை கோடி என்று கரை அலுவலகத்தில் ஒருவர் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஓர் இரவு இரண்டு மணி வாக்கில் எங்கள் வாயு அமுக்கி (கம்ப்ரஸர்) நின்று, அதோடு மொத்த வயலும் நின்றது. இரண்டு மெத்தனால் பம்புகளில் ஒன்றின் சீல் ஐந்து மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை ஆணை மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகத்தான் எழுதப்பட்டிருந்தது: உதிரிபாகம் வரவில்லை, ஆள் இல்லை, வேறு அவசர வேலை. காலை ஏழு மணிக்குக் கரையிலிருந்து தொலைபேசி வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அமுக்கி கிளம்பிவிடும், டெட் ஆயில் விட்டு ஒன்றரை நாளை இழக்க வேண்டுமா என்று கேட்டார்கள். கட்டளையிடவில்லை, கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், கப்பலின் தலைமை அதிகாரிக்கும் தெரியும். காத்திருப்போம் என்று ஒப்புக்கொண்டேன். அமுக்கி கிளம்பியபோது மணி பதினொன்று இருபது. மூன்று குழாய்களில் ஒன்று அடைத்துப்போயிருந்தது. அடைப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால் கட்டி துப்பாக்கிக் குண்டைப் போலப் பாய்ந்து குழாயின் வளைவை உடைத்துவிடும் என்பதால், இரு பக்கமும் சிறுகச் சிறுக அழுத்தம் இறக்கி அதைக் கரைக்க எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. எவருக்கும் கீறல்கூட இல்லை. ஒரு சொட்டு எண்ணெயும் கடலில் விழவில்லை. எங்கும் செய்தியாகவும் வரவில்லை. ஆனால் அன்றிரவு கடிகாரத்தையும் கோடிக் கணக்கையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவன் நான் என்பதால், அந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தால் எது வெல்லும் என்பதை எவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

ஷெட்லாந்துக்கு மேற்கே வேலைக்குப் போனபின் வேறொன்றைப் பார்த்தேன். அரசின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். உற்பத்தி எவ்வளவு என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஒத்திவைத்த பராமரிப்பு வேலைகளின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார்கள். பாதுகாப்புக்கு முக்கியமானவை எவை, எத்தனை முறை ஒத்திவைத்தீர்கள், ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்டது யார் என்று வரி வரியாகக் கேட்டார்கள். பிறகு, தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதியை மட்டும் ஓர் அறைக்குள் அழைத்து, மேற்பார்வையாளர்களாகிய எங்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தக் கதவு சாத்தப்படுவதற்குப் பின்னால் 167 உயிர்கள் இருக்கின்றன. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்தது. பழுதுபார்ப்பதற்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அது தெரியாமல் இரவு முறையினர் இயக்கியதில் தொடங்கியது அது. என் தொழிலில் எல்லாருக்கும் அந்தப் பாடம் தெரியும். ஆனால் நான் அதிகம் நினைப்பது பக்கத்தில் இருந்த கிளேமோர், டார்டன் என்ற இரண்டு மேடைகளைப் பற்றித்தான். பைப்பர் எரிவது தெரிந்தும் அவை எண்ணெயும் வாயுவும் அனுப்பும் குழாய்களை உடனே மூடவில்லை. நிறுத்தும் முடிவு கரையிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தன. அந்த எண்ணெய் தீக்கு எண்ணெயாகவே போய்ச் சேர்ந்தது. விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990இல் தந்த அறிக்கையின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று, கடல் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்பை எரிசக்தித் துறையிடமிருந்து எடுத்து, உற்பத்தியோடு எந்தத் தொடர்பும் இல்லாத உடல்நல, பாதுகாப்பு ஆணையத்திடம் கொடுக்க வேண்டும் என்பது. அடுத்த ஆண்டே பிரிட்டன் அதைச் செய்தது. நார்வே 2004இல் பாதுகாப்பை வளத்துறையிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்கியது.

அமெரிக்கா அதைச் செய்யாமல் இருந்தது. எண்ணெய் வருமானத்தை வசூலிப்பதும், கடற்பரப்பைக் குத்தகைக்கு விடுவதும், பாதுகாப்பைக் கண்காணிப்பதும் கனிம மேலாண்மைச் சேவை என்ற ஒரே அலுவலகத்தின் வேலையாக இருந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு இறுகிவிட்டதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையின் முடிவு தவறாகப் படிக்கப்பட்டிருந்தது. கடைசித் தடுப்பாகிய பி.ஓ.பி. என்னும், கிணற்றின் தலையில் பொருத்தும் வெடிப்புத் தடுப்பானின் வெட்டும் தகடுகள், வளைந்துபோன குழாயை வெட்டி மூட முடியாமல் நின்றுவிட்டன. எண்ணெய் 87 நாள் கொட்டியது. பின்னர் நீதிமன்றம் கணக்கிட்டபடி 30 லட்சம் பீப்பாய்க்கும் மேல். அதன்பிறகுதான் அந்த அலுவலகம் மூன்றாக உடைக்கப்பட்டது: வருமானத்துக்கு ஒன்று, குத்தகைக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். கடல் எண்ணெய்ப் பணிகளுக்கான 2008ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள், எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தையே அதிகாரம் பெற்ற அமைப்பாக ஆக்கின. அந்த இயக்குநரகம் உங்கள் அமைச்சகத்துக்கு உட்பட்டது. ஏலம் விடும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகமும் உங்கள் அமைச்சகத்துக்கு உட்பட்டது. நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் உற்பத்தி நிறுவனமும் உங்கள் அமைச்சகத்தின்கீழ் வரும் பொதுத்துறை நிறுவனமே. உற்பத்தி குறைந்தால் நாடாளுமன்றத்தில் பதில் சொல்வது யாரோ, அவரிடம்தான் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் அதிகாரியும் கோப்பை அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த இயக்குநரகத்தில் திறமையானவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் சந்தித்த சிலர் மிகுந்த கவனமும் அறிவும் உடையவர்கள். அன்றிரவு கட்டுப்பாட்டு அறையில் நானும் கவனமாகத்தான் இருந்தேன்.

2005 ஜூலை 27ஐ உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மும்பை ஹை வடக்கு மேடையருகே வந்த ஆதரவுக் கப்பலில் விரல் வெட்டுப்பட்ட ஒரு சமையல்காரரை, மழைக்காலக் கொந்தளிப்பில் மேடைக்கு மாற்றப் போய், கப்பல் ரைசரில் மோதி, இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லாமல் போயிற்று; 22 பேர் இறந்தார்கள். அது ஆழமற்ற கடல். உதவிக்கு மற்ற மேடைகளும் கப்பல்களும் அருகிலேயே இருந்த கடல். காவிரி ஆழ்கடலில் ஒரு தனிக் கப்பல்தான் இருக்கும்.

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இதுதான்: கடல் எண்ணெய், எரிவாயுப் பணிகளின் பாதுகாப்பைக் கண்காணித்து, தேவையானால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை, பெட்ரோலிய அமைச்சகத்துக்கு வெளியே, நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட தனி ஆணையம் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். காவிரி ஆழ்கடலில் முதல் கிணற்றுக்கு அனுமதி தருவதற்கு முன்பே அது நடக்க வேண்டும். கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடலில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் கப்பல்களும் கிணறுகளும் அதன் கீழ் வர வேண்டும். 2008 செப்டம்பரில் அந்தக் கிருஷ்ணா–கோதாவரிக் கடலின் (கே.ஜி.) டி6 பகுதியில் உள்ள எம்.ஏ. வயலில் முதல் ஆழ்கடல் கச்சா எண்ணெய் வந்து, பத்தே ஆண்டில் அந்த வயல் ஓய்ந்தது. 2024 ஜனவரி 7 அன்று ஓ.என்.ஜி.சி.யின் 98/2 வயலில் எண்ணெய் வரத் தொடங்கியது. அந்தக் கடலில் நாம் ஏற்கெனவே ஆழத்தில்தான் நிற்கிறோம்.

அதே கே.ஜி. கடல் இன்னொன்றையும் காட்டியது. டி6இன் எரிவாயு வயல்களில் 10 டிரில்லியன் கன அடிக்கும் மேல் எடுக்கலாம் என்று திட்டத்தில் எழுதியது, கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தபின் ஏறத்தாழ 3 டிரில்லியனாகச் சுருங்கியது. நிலத்தடியைப் பற்றி மிகத் தேர்ந்தவர்களின் கணக்கும் அவ்வளவு பிசகலாம். கணக்கு பிசகி வருமானம் குறையத் தொடங்கிய வயலில்தான் பம்பு சீல் மூன்று முறை ஒத்திவைக்கப்படும் என்பதை என் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவதாக, எண்ணெய்க் கசிவைப் பற்றி. மகோண்டோவுக்குப் பிறகு, கட்டுமீறிய கிணற்றின் தலையில் கவிழ்த்து மூடும் பெரிய இரும்பு மூடிகளைத் தொழில் நிறுவனங்கள் கூட்டாகச் செய்து, நார்வே, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் ஆயத்தமாக வைத்திருக்கின்றன. நமக்கு அருகில் இருப்பது சிங்கப்பூர். அதை ஏற்றிக் கட்டிக் கடல் கடந்து கொண்டுவர, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், ஒரு வாரத்தை ஒட்டும். அதை இறக்குவதற்கு வலுவான பாரந்தூக்கி உள்ள கப்பல் எங்கிருந்து வரும்? கிணற்றை நிரந்தரமாக அடைக்கத் தோண்ட வேண்டிய நிவாரணக் கிணற்றுக்கு இரண்டாவது துரப்பணக் கப்பல் எது? வாடைக் காலத்துப் புயலில் அது எத்தனை நாள் காத்திருக்கும்? எண்ணெய்ப் படலம் கடல் எல்லையைத் தாண்டி இலங்கைப் பக்கம் போனால் யார் யாரிடம் பேசுவது? இவற்றுக்கான பதில்கள் ஏதோ ஒரு கோப்பில் இருக்கலாம். அந்தக் கோப்பைத் தமிழில் அச்சிட்டு, கன்னியாகுமரி முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கடலோரக் கிராமங்களுக்குத் தர வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதியபோது நான் விடுப்பில் சென்னையில் இருந்தேன். பாரதியார் நகர்க் கரையில் பாறைகளுக்கு இடையே தேங்கிய தார் போன்ற எண்ணெயை மாணவர்களும் மீனவர்களும் வீட்டு வாளிகளில் மொண்டு, கைமாற்றிக் கைமாற்றி டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கையுறை சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. ஒரு வாளியின் கைப்பிடி எண்ணெயில் வழுக்குகிறது என்று ஒரு பெண் தன் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தபோதும் மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், தலைநகரின் கண்முன் நடந்தவை இவை.

மூன்றாவது கோரிக்கை சிறியது; உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே இன்றே செய்யக்கூடியது. 2020 ஜனவரியில் வந்த சுற்றுச்சூழல் விதித் திருத்தத்தின்படி, எண்ணெய், எரிவாயு தேடும் ஆய்வுக் கிணறுகள், சுற்றுச்சூழல் அனுமதியில் கெடுபிடி குறைந்த பி2 வகையில் சேர்க்கப்பட்டு, மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றாயிற்று. தேடல் கட்டம்தானே, உற்பத்தி வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். மகோண்டோவும் ஓர் ஆய்வுக் கிணறுதான் என்பதை அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கேட்பதற்குச் சட்டம் தடையில்லை. தூத்துக்குடியிலும் இராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் கூட்டம் நடத்துங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடையில் நாள் குறித்தால் பெரும்பாலான ஆண்கள் ஊரில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள் என்பதால் காலையில் வைக்காமல் மாலையில் வையுங்கள். மீன் ஏலம் முடிந்து பெண்களும் அப்போதுதான் வர முடியும். வருகிற அதிகாரிகளில் ஒருவராவது உற்பத்திக் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்த்தவராக இருக்கட்டும். கூட்டத்தில் விளக்கம் சொல்ல ஆள் தேவைப்பட்டால் என்னை அழையுங்கள். போக்குவரத்துச் செலவு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உற்பத்தி மேற்பார்வையாளர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.